கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலையும் பில்டுகள்

பைத்தான் சார்ந்த திறமூலத் திட்டங்களைப் பராமரிக்கும் தமிழ் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் திட்டங்களின் ரீட்மீ கோப்புகளைத் திறந்தால் முதல் நான்கு கட்டளைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கின்றன. காலியான மெய்நிகர் சூழல் ஒன்றை உண்டாக்கு, அதற்குள் போ, பட்டியலில் உள்ள பொதிகளையெல்லாம் பிப் வழியாக இறக்கு, பிறகு பில்டைத் தொடங்கு. இவற்றில் எவை இந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா எதை எடுத்துக்கொண்டாலும் நம்பை, ஸ்ஃபிங்ஸ், யேமல் கோப்புகளைப் படிக்கும் பையேமல் போன்றவை ஏபிடி அல்லது டிஎன்எஃப் கொண்டு ஒரே கட்டளையில் நிறுவக் கூடியவை. பல நிரலாளர்களின் கணினிகளில் வேறு ஏதோ மென்பொருளின் துணையாக முன்பே வந்து உட்கார்ந்திருப்பவை. அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதே பொதியை இன்னொரு முறை இணையத்திலிருந்து இறக்கி, இன்னொரு மூலையில் வைத்துக்கொண்டுதான் நம் பில்டுகள் வேலையைத் தொடங்குகின்றன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இந்த மடல் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: பில்டுக்கு வேண்டிய பைத்தான் பொதி கணினியில் இருந்து, அதன் பதிப்பும் போதுமானதாக இருந்தால், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மட்டும், அதுவும் பில்டு செய்கிறவர் சம்மதித்தால் மட்டும், இறக்குங்கள்.

இதைச் சொன்னதும் உங்களில் பலருக்கு ஒரு பிழைச்செய்தி நினைவுக்கு வரும். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இல், கணினியின் பைத்தானுக்குள் நேரடியாகப் பிப் இன்ஸ்டால் கொடுத்தால், இந்தச் சூழலை நிர்வகிப்பவர் வேறொருவர் என்று சொல்லிப் பிப் மறுத்துவிடுகிறது. அதே ஆண்டில் உபுண்டு 23.04இலும், அக்டோபரில் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலும் இந்த மறுப்பு வந்தது. இதற்கு அடிப்படை பெப் 668 என்ற முன்மொழிவு. இயங்குதளம் தன் பைத்தானின் அடைவில் ஓர் அடையாளக் கோப்பை வைக்கும். அதைக் கண்டால் பிப் நின்றுவிடும். காரணமும் நியாயமானது. ஏபிடி வைத்த கோப்பின் மேல் பிப் எழுத, பிப் எழுதியதன் மேல் ஏபிடி எழுத, நடுவில் அந்தப் பைத்தானை நம்பியிருந்த இயங்குதளக் கருவிகள் உடைந்துகொண்டிருந்தன. ஆனால் இதிலிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் விசித்திரமானது. கணினியின் பைத்தான் தீண்டத் தகாதது, அதன் திசைக்கே போகக் கூடாது என்று ஆகிவிட்டது. பெப் 668 அப்படிச் சொல்லவே இல்லை. எழுதாதே என்றது, படிக்காதே என்று எங்கும் சொல்லவில்லை. எழுதாமல் படிப்பதற்கான கதவு 2012இல் வந்த பைத்தான் 3.3 முதலே திறந்திருக்கிறது. மெய்நிகர் சூழலை உண்டாக்கும்போது சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும். அந்தச் சூழலின் அமைவுக் கோப்பில் ஒரே ஒரு வரி பொய்யிலிருந்து மெய்க்கு மாறும். அதன்பின் சூழலுக்குள் நிறுவுவது சூழலுக்குள்ளேயே நிற்கும். அங்கே இல்லாததைத் தேடும்போது மட்டும் பைத்தான் இயங்குதளத்தின் அடைவையும் எட்டிப் பார்க்கும். கணினியின் பைத்தானில் ஒரு பைட்கூட மாறாது.

இந்தக் கதவு ஏன் சாத்தியே கிடக்கிறது என்பதற்கு வரலாறு உண்டு. 2007இல் தோன்றிய வெர்ச்சுவல்என்வ் கருவியில், கணினியின் பொதிகள் தெரிவதுதான் இயல்பாக இருந்தது; தெரிய வேண்டாம் என்றால்தான் தனியாகச் சொல்ல வேண்டும். 2011இல் வந்த அதன் 1.7ஆம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. பைத்தானுக்குள்ளேயே சேர்ந்த வென்வும் அந்த வழியையே எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அது சரியான முடிவு. தன் கணினியில் ஓடிய நிரல் அடுத்தவர் கணினியில் ஓடாமல் போனதற்கு, பட்டியலில் எழுத மறந்து, ஆனால் கணினியில் தற்செயலாக இருந்த ஒரு பொதி காரணமாக இருந்தது பலமுறை. காலியான அறையில் தொடங்கினால் மறந்தது உடனே தெரிந்துவிடும். நான் அந்த வாதத்தை மறுக்கவில்லை. சோதிக்கிறபோது காலியான அறை நல்லது. ஆனால் சோதனைக்கென்று வைத்த ஒழுக்கம் பில்டு செய்கிற ஒவ்வொருவர் மேலும் சுமத்தப்பட்டு, வேறு வழியே இல்லாத கட்டாயமாகிவிட்டது. என் வழக்கு அந்தக் கட்டாயத்தோடுதான்.

காலியான அறை நிலையானது, கணினியோ மாறிக்கொண்டே இருப்பது என்பதுதான் கட்டாயத்துக்குச் சொல்லப்படும் முதல் காரணம். நடந்தவற்றைப் பார்த்தால் இது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது. பெப் 517, 518 ஆகியவை வந்த பிறகு, ஒரு மூலப்பொதியைப் பிப் கட்டும்போது தற்காலிகமாக ஒரு தனியறையை உண்டாக்குகிறது. திட்டத்தின் பைப்ராஜெக்ட் கோப்பில் கேட்டிருக்கும் பில்டுக் கருவிகளை அந்த அறைக்குள் பைபிஐயிலிருந்து இறக்குகிறது. வேலை முடிந்ததும் அறையை இடித்துவிடுகிறது. பதிப்பு எண் எழுதாமல் வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால், அந்த நிமிடத்தில் பைபிஐயில் எது புதிதோ அதுவே வந்து இறங்கும். 2023 ஜூலை 17 அன்று சைத்தான் 3.0 வெளியானது. (பைத்தானையும் சியையும் இணைக்கும் மொழிபெயர்ப்பியின் பெயர் தமிழில் இப்படித்தான் வருகிறது, அன்று அது பொருத்தமாகவும் இருந்தது.) பையேமலின் பழைய மூலப்பொதிகள் பில்டுக்குச் சைத்தான் வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தன, எந்தப் பதிப்பு என்று எழுதவில்லை. தங்கள் பைத்தானுக்கு ஆயத்த வீல் கிடைக்காமல் பையேமல் 5.4.1ஐ மூலத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் அன்று பில்டு விழுந்தது. முந்தின நாள் வரை ஓடிய அதே திட்டம், அதே பூட்டிய பட்டியல். பட்டியலில் பையேமலின் எண்ணை அவர்கள் இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். அந்தப் பூட்டு தற்காலிக அறைக்குள் எட்டவில்லை. 2025 மார்ச்சிலும் இதே கதை நடந்தது. செட்டப்டூல்ஸின் 78ஆம் பதிப்பு, அமைவுக் கோப்பில் நடுக்கோடு போட்டு எழுதும் பழைய வழக்கத்தை ஏற்க மறுத்தது. எத்தனையோ பொதிகளின் பில்டு ஒரே நாளில் நின்றது. அந்த மாற்றத்தை விரைவிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்த இரண்டு நாட்களிலும் டெபியன் 12 கணினியில், அங்கேயே இருந்த சைத்தான் 0.29ஐயும் செட்டப்டூல்ஸ் 66ஐயும் கொண்டு, தனியறை இல்லாமல் பில்டு செய்தவருக்கு இதுபற்றிச் செய்தியில் படித்துத்தான் தெரிந்திருக்கும். நிலையாக இருந்தது எது?

எண்ணை எழுதாதது திட்டத்தின் தவறுதானே, அறையின் தவறா என்று கேட்கலாம். சரி, எண் எழுதியிருந்தாலும் தீராத ஒன்றைச் சொல்கிறேன். சியில் எழுதிய நீட்சி உள்ள பொதிகளுக்கு, கட்டும்போது எதிரே இருந்த நூலகமும் ஓடும்போது எதிரே இருக்கும் நூலகமும் பொருந்த வேண்டும். தனியறை இந்த இரண்டையும் வேண்டுமென்றே பிரிக்கிறது. 2021 ஜனவரி இறுதியில் நம்பை 1.20 வந்தபோது அதன் உள்ளமைப்பில் ஓர் அளவு மாறியது. தனியறையில் புதிய நம்பையோடு கட்டப்பட்ட நீட்சி, வெளியே பழைய நம்பை இருந்த சூழலுக்கு வந்ததும், அளவு பொருந்தவில்லை என்று சொல்லி ஏறவே மறுத்தது. இதைச் சமாளிக்க, ஒவ்வொரு பைத்தானுக்கும் ஏற்ற மிகப் பழைய நம்பை எது என்று சொல்வதற்காகவே இருந்த ஒரு பொதி பரவலானது. பொதிக்குள் வேறு எதுவும் இல்லை. பதிப்பு எண்கள் மட்டும்தான். 1.25 முதல் நம்பையே பழையவற்றோடும் பொருந்தும்படி கட்ட வழி செய்த பிறகுதான் அந்தத் தலைவலி ஓய்ந்தது. நில வரைபட உலகில் அது இன்னும் ஓயவில்லை. ஜிடாலின் பைத்தான் இணைப்பு பைபிஐயில் மூலப்பொதியாகவே கிடைக்கிறது. கணினியில் உள்ள ஜிடால் நூலகத்தின் பதிப்பு எதுவோ அதே பதிப்பு இணைப்பைத்தான் கட்ட வேண்டும். தனியறைக்குள் நம்பை தெரியாமல் போனபோது, படங்களை அணிகளாகப் படிக்கும் பகுதி சத்தமில்லாமல் விடுபட்டதுண்டு. தனியறையை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று அவர்களுடைய ஆவணமே சொல்லித் தருகிறது. ஏபிடியில் இருக்கும் பைத்தான்3-ஜிடால் என்ற பொதியை எடுத்துக்கொண்டால் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை, ஏனென்றால் நூலகத்தையும் இணைப்பையும் ஒரே கை சேர்த்துக் கட்டியிருக்கிறது. ராஸ்பெரி பையின் கேமராவை இயக்கும் பிகேமரா2வும் இதே இனம். அதன் அடியில் இருக்கும் லிப்கேமரா இணைப்பு இயங்குதளத்தோடு வருவது. ஆகவே கணினியின் பொதிகள் தெரியும்படி மெய்நிகர் சூழலை அமைக்கச் சொல்வதுதான் அங்கே அதிகாரபூர்வ அறிவுரை. இவையெல்லாம் விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிட முடியாது. பைத்தானுக்கு வெளியே ஒரு கால் வைத்திருக்கும் எந்தப் பொதியும் இந்த வகைக்குள் வந்துவிடும்.

பாதுகாப்பை எடுத்துக்கொண்டால் 2023 செப்டம்பர் நல்ல சாட்சி. வெப்பி படங்களைப் படிக்கும் லிப்வெப்பி நூலகத்தில் கடுமையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உட்பட அதைப் பயன்படுத்திய எல்லோரும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள். டெபியனில் இயங்குதளத்தின் லிப்வெப்பிப் பொதியைப் புதுப்பித்ததும், அதோடு இணைந்து ஓடும் பைத்தான் படப்பொதியான பில்லோவும் தானாகப் பாதுகாப்பானது. பைபிஐயின் வீல்களோ தங்களுக்கு வேண்டிய சி நூலகங்களைத் தங்கள் வயிற்றுக்குள்ளேயே சுமந்துகொண்டு வருபவை. பில்லோ திட்டத்தினர் விரைந்து 10.0.1ஐ வெளியிட்டார்கள், அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திருத்தம், ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு திட்டத்தின் அடைவுக்குள் இருக்கும் ஒவ்வொரு மெய்நிகர் சூழலுக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். கணினியின் நிர்வாகிக்கு அவை எத்தனை, எங்கே என்றே தெரியாது. ஏபிடி அவருக்காக எழுதி வைத்திருக்கும் கணக்கில் அவை வருவதில்லை.

இனி, இந்தக் கோரிக்கை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்ப்போம். இதைச் செய்து காட்டியிருப்பது சிறிய திட்டம் இல்லை, கியூஇஎம்யு. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அந்த மென்பொருள் பெரும்பாலும் சியில் எழுதப்பட்டது. ஆனால் அதன் பில்டு மீசான் என்ற பைத்தான் கருவியைக் கொண்டும், ஆவணம் ஸ்ஃபிங்ஸைக் கொண்டும் நடக்கிறது. அவர்களுக்கு வந்த சிக்கல் இப்படி. பழைய நிறுவன லினக்ஸ்களில் கட்டுபவர்களை அவர்கள் கைவிட விரும்பவில்லை. ஆனால் ஆர்எச்இஎல் 8 இயல்பாகத் தரும் பைத்தான் 3.6இன் ஆயுள் 2021 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. அதே கணினியில் பைத்தான் 3.8ஐத் தனியாக நிறுவிக்கொள்ளலாம், அப்போது 3.6க்கென்று இருக்கும் பொதிகள் 3.8இன் கண்ணுக்குத் தெரியாது. மீசான் ஒரு பைத்தானில், ஸ்ஃபிங்ஸ் இன்னொன்றில் என்று பில்டு இரண்டு குதிரைகளில் சவாரி செய்ய நேரிடும். 2023இல் வந்த 8.1ஆம் பதிப்பில் அவர்கள் எடுத்த வழி கவனித்துப் படிக்கத் தக்கது. கன்ஃபிகர் கட்டளை ஓடும்போது பில்டு அடைவுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் சூழல் உருவாகிறது, கணினியின் பொதிகள் தெரியும்படி. பிறகு ஒவ்வொரு தேவைக்கும் வரிசையாகக் கேள்வி கேட்கப்படுகிறது. இந்தப் பைத்தானில் மீசான் இருக்கிறதா, ஏற்கத் தக்க பதிப்பா? ஆம் என்றால் அதுவே போதும். இல்லை என்றால் மூலத்தோடு கூடவே அனுப்பப்பட்டிருக்கும் மீசான் வீல் சூழலுக்குள் நிறுவப்படும். அதற்கு இணையம் வேண்டாம். ஸ்ஃபிங்ஸ் இல்லையென்றால், ஆவணம் வேண்டும் என்று பில்டு செய்கிறவர் வெளிப்படையாகக் கேட்டிருந்தால்தான் பைபிஐக்குப் போகும். கேட்காவிட்டால் ஆவணத்தை விட்டுவிட்டு மீதியைக் கட்டும். இணையம் கூடவே கூடாது என்பவருக்கு, பதிவிறக்கத்தை முழுவதும் அணைக்கும் விருப்பமும் உண்டு.

அந்த வடிவமைப்பில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு விவரம். தேவைகளை எழுதி வைத்திருக்கும் கோப்பில் ஒவ்வொரு பொதிக்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று, கணினியில் இருந்தால் எது முதல் ஏற்றுக்கொள்ளலாம் என்பது. மற்றது, இல்லாதபோது நாமே நிறுவினால் எதை நிறுவ வேண்டும் என்பது. முதல் எண் தாராளமானது, இரண்டாவது கறாரானது. நம் திட்டங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. எதை நாம் சோதித்தோமோ அதையே குறைந்தபட்சம் என்று எழுதிவிடுகிறோம். அல்லது எதுவுமே எழுதுவதில்லை. உங்கள் பட்டியலில் உள்ள குறைந்தபட்ச எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது அந்தப் பட்டியலை எழுதிய அன்று உங்கள் கணினியில் இருந்த எண்ணாகத்தான் இருக்கும். அந்தப் பதிப்பில் புதிதாக வந்த எதையாவது உங்கள் நிரல் பயன்படுத்துகிறதா என்றால், பல நேரம் இல்லை. இந்தத் தற்செயலான எண்தான் டெபியன் பயனரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

கணினியில் இருப்பவை பழையவை என்ற ஆட்சேபம் இந்த இடத்தில்தான் வலுவிழக்கிறது. பழையவைதான், மறுக்கவில்லை. டெபியன் 12இன் நம்பை 1.24, உபுண்டு 24.04இல் 1.26, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல்தான் 2.2. நீங்கள் எழுதுவது நம்பையின் நேற்றைய வசதியைப் பயன்படுத்தும் ஆய்வு நிரல் என்றால் உங்களுக்குப் பைபிஐதான் வழி. ஆனால் ஒரு யேமல் கோப்பைப் படித்து அதிலிருந்து சி தலைப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கும் பில்டுக்கு எந்தப் பையேமலாக இருந்தால் என்ன?

கலப்பு ஆபத்து என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது, அதை முழுமையாகவே ஏற்கிறேன். கணினியின் பொதிகள் தெரியும் சூழலுக்குள் நீங்கள் பிப் கொண்டு நம்பை 2ஐ நிறுவினால், அது கணினியின் நம்பை 1ஐ மறைத்துவிடும். ஆனால் கணினியின் மேட்பிளாட்லிப்பும் சைபையும் நம்பை 1ஓடு கட்டப்பட்டவை. புதியது எதிரே வந்ததும் அவை நின்றுவிடும். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்த பிறகு இந்தப் பிழைச்செய்தியைப் பார்க்காதவர்கள் குறைவு. இதற்கு என் பதில், சி நீட்சி உள்ள பொதிகளைக் குடும்பமாகப் பாருங்கள் என்பதுதான். நம்பையும் அதன் மேல் கட்டிய அனைத்தும் ஒரு குடும்பம். குடும்பம் முழுவதையும் கணினியிலிருந்து எடுங்கள், அல்லது முழுவதையும் பைபிஐயிலிருந்து எடுங்கள். பாதியை இங்கும் பாதியை அங்கும் எடுப்பது எந்த நிலையிலும் வேண்டாம். தூய பைத்தானில் எழுதிய பொதிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையாகத் தேவையில்லை. பில்டுக் கருவிகளில் கணிசமானவை இந்த இரண்டாவது வகை என்பதை நினைவில் வையுங்கள். இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் 3.11 போய் 3.13 வந்து, பழைய மெய்நிகர் சூழல் செத்துப்போகும் என்பதும் உண்மை. அதனால்தான் கியூஇஎம்யு அதைப் பில்டு அடைவுக்குள் வைத்திருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி கன்ஃபிகர் செய்ய வேண்டியதுதான். மெய்நிகர் சூழல் சொத்தல்ல, சாரம். கட்டடம் முடிந்ததும் பிரித்துவிடலாம்.

இயங்குதளத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பவர்கள் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட்டில் கண்டுபிடிக்கப்பட்ட பின்வாசலைக் காட்டுகிறார்கள். நியாயமான கேள்வி. அந்த நஞ்சு டெபியனின் சோதனைக் கிளைகள் வரை, ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளை வரை வந்துவிட்டது. ஆனால் டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது வரவில்லை. வராமல் தடுத்தது யாருடைய மேதைமையும் அல்ல, தாமதம். புதியது வந்த நிமிடமே எல்லோருக்கும் போய்ச் சேராத அமைப்பில், யாரோ ஒருவர் சந்தேகப்படுவதற்கு நேரம் கிடைக்கிறது. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச்சின் இரவுப் பதிப்பை பிப் வழியாக லினக்ஸில் நிறுவியவர்களுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. அதன் துணைப்பொதி ஒன்றின் பெயரில் யாரோ பைபிஐயில் ஏற்றி வைத்த கள்ளப்பொதி நேராகக் கணினிக்குள் இறங்கி, கோப்புகளைத் திருடி அனுப்பியது. பழையதாக இருப்பதைக் குறையாகவே பேசிப் பழகியிருக்கிறோம். இங்கே அது வேலியாக நின்றிருக்கும்.

வட்டு மலிவு, இணையம் மலிவு, இறக்கினால் என்ன குறைந்துவிடும் என்ற ஆட்சேபத்துக்கு எதிராக நான் வாதாடப் போவதில்லை. யூவி போன்ற கருவிகள் ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைத்து மின்னல் வேகத்தில் சூழலை அமைத்துவிடுகின்றன. சேமிப்பைக் காரணம் காட்டும் வாதம் இன்று பலவீனமானது. என் கவலை பைட்டுகளைப் பற்றியது அல்ல, இணையமே இல்லாத இடத்தைப் பற்றியது. டெபியனும் ஃபெடோராவும் தங்கள் பொதிகளைக் கட்டும் இயந்திரங்களில் பில்டின்போது இணையம் கிடையாது. எதிலிருந்து எது வந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் பில்டு இடையில் பைபிஐயைத் தேடினால், அங்கே பொதியைப் பராமரிப்பவர் உங்கள் மூலத்தைத் திருத்தித்தான் அதைக் கட்ட முடியும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்தத் திருத்தத்தை மறுபடி செய்ய வேண்டும். சம்பளமில்லாமல் அதைச் செய்துகொண்டிருப்பவர்கள் ஒருநாள் அலுத்துப்போய் உங்கள் பொதியைக் கைவிடுவார்கள். ஏபிடியில் ஏன் நம் மென்பொருள் இல்லை என்று நீங்கள் வருந்தும்போது காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

சேவையகத்தில் ஓடும் செயலிகளுக்கு இதைச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்களே கட்டி, நீங்களே ஓட்டி, நீங்களே இரவில் எழுந்து பார்க்கும் செயலிக்கு, எல்லாவற்றையும் எண்ணோடு பூட்டிய பட்டியலும் மூடிய சூழலும்தான் சரி. அங்கே கட்டுபவரும் பொறுப்பேற்பவரும் ஒருவரே. டாக்கரில் கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதிகாரபூர்வப் பைத்தான் படிமங்கள் பெரும்பாலும் டெபியன் மேல் கட்டப்பட்டவைதான். ஆனால் அவற்றின் பைத்தான் யுஎஸ்ஆர்-லோக்கலில் தனியாக இருக்கிறது. அதற்குள் ஏபிடி கொண்டு பைத்தான் பொதியை நிறுவினால் அது டெபியனின் பைத்தானுக்குப் போய்ச் சேரும். உங்கள் பைத்தானுக்குத் தெரியாது. கணினியின் பொதியைப் பயன்படுத்த வேண்டும் என்றால் கணினியின் பைத்தானையே பயன்படுத்த வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் கட்டுபவர்களுக்கு இப்படிக் கணினியிலேயே இருக்கும் பொதிகள் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு இறக்கும் வழி அப்படியே இருக்கட்டும்.

ஆக, உங்களிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. பைப்ராஜெக்ட் கோப்பின் பில்டுத் தேவைகளில் இரட்டைச் சமக்குறி போட்டு ஒரே பதிப்பைப் பூட்டாதீர்கள். உண்மையான குறைந்தபட்சத்தை எழுதுங்கள், உடைக்கும் என்று தெரிந்த பதிப்பு இருந்தால் அதை மட்டும் விலக்குங்கள். மேக்ஃபைலுக்குள்ளும் சிமேக்குக்குள்ளும் பிப் இன்ஸ்டாலை ஒளித்து வைக்காதீர்கள்; வைத்தே ஆக வேண்டும் என்றால் அதை அணைக்க ஒரு விருப்பம் கொடுங்கள். ஒரு பொதி இருக்கிறதா என்று பார்க்கப் பிப் தேவையில்லை; பைத்தான் 3.8 முதல் அதனுடனேயே வரும் இம்போர்ட்லிப்-மெட்டாடேட்டா, பெயரைச் சொன்னால் பதிப்பைச் சொல்லிவிடும். ஸ்ஃபிங்ஸ் போன்ற கருவிகளை அவற்றின் கட்டளைப் பெயரால் கூப்பிடாமல், பைத்தானின் எம் விருப்பத்தின் வழியாகக் கூப்பிடுங்கள். யுஎஸ்ஆர்-பின்னில் உள்ள கட்டளையின் முதல் வரி கணினியின் பைத்தானை நேரடியாகச் சுட்டுகிறது. மெய்நிகர் சூழலுக்குள் நீங்கள் சேர்த்த நீட்சிகள் அதற்குத் தெரியவே தெரியாது. கணினியின் பொதிகளை நம்பிய பல முயற்சிகள் இந்த ஒரு சிறு கல்லில்தான் தடுக்கி விழுந்து, கடைசியில் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம் என்று முடிந்திருக்கின்றன. ரீட்மீயில் ஏபிடி, டிஎன்எஃப் பெயர்களையும் எழுதி வையுங்கள். பையேமல் டெபியனில் பைத்தான்3-யேமல் என்றும், பில்லோ பைத்தான்3-பில் என்றும், பியூட்டிஃபுல்சூப் பைத்தான்3-பிஎஸ்4 என்றும் இருப்பது புதியவர்களுக்கு எப்படித் தெரியும்? ஃபெடோரா இதில் நம்மைவிட முன்னே போய்விட்டது. பைபிஐயின் பெயரைக் கொடுத்தாலே சரியான பொதியைக் கண்டுபிடிக்கும்படி ஒவ்வொன்றுக்கும் இணைப்பெயர் வைத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் தானியங்கிச் சோதனைகளில் இன்னும் ஒன்றே ஒன்றைச் சேருங்கள். டெபியனின் நிலையான வெளியீட்டுப் படிமம்; அதில் ஏபிடி மூலம் நிறுவிய பொதிகள்; அதன்பின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, தனியறை வேண்டாம் என்ற விருப்பத்தோடு பைத்தானின் பில்டுக் கருவியை ஓட்டுங்கள். தேவையான ஏதாவது இல்லையென்றால், அல்லது நீங்கள் கேட்ட எண்ணை எட்டவில்லையென்றால், எது என்று பெயர் சொல்லிவிட்டு அது நிற்கும். முதல் முறை பெரும்பாலும் நிற்கும். எந்த வரியில் நின்றது என்று பாருங்கள். அந்த வரியில் உள்ள எண்ணை யார், ஏன் எழுதினார் என்று திட்டத்தின் வரலாற்றில் தேடிப் பாருங்கள். காரணம் கிடைத்தால் அந்த எண் இருக்கட்டும். கிடைக்கவில்லை என்றால் தளர்த்திவிட்டு அடுத்த பதிப்பை வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மென்பொருள்களை மூலத்திலிருந்து கட்டுபவர்களில் ஒருவர்